தப்புக்குள் ஒரு தப்பு

– நான் தெரியாமத்தான் கேக்குறேன் மாஸ்டர், செத்தது யாரு?

– யாரும் சாகல சோலைமலை. மொதல்ல கதவச் சாத்து, பனி உள்ள வருது.

– பனி மட்டுமா வருது? பின்னாலயே மேல் டிவிஷன் முழுக்க வருது. மலையில கொழுந்து எடுத்துக்கிட்டு இருந்த பொம்பளைங்க எல்லாம் கூடைய எறக்கி வச்சிட்டு எறங்கிட்டாங்க. சாவுத் தப்பு கேட்டா வேலைய நிறுத்துறதுதானே இந்தத் தோட்டத்து வழக்கம்? கங்காணி குழி வெட்டவும் ஆள் அனுப்பிட்டாரு.

– குழியா? யாருக்குய்யா குழி?

– அதத்தானே நானும் கேக்குறேன்! ஊரே எங்கிட்ட வந்து நிக்குது. தப்பு அடிச்சியே சோலைமலை, போனது யாருன்னு கேக்குது. இந்தத் தோட்டத்துல தப்பு அடிக்கிறவன் நான் ஒருத்தன். விடியக்காலையில ஆளுங்கள வேலைக்குப் பிரிக்கிற பெரட்டுக்குக் கூப்புடுறதும் நான், சாவு சொல்றதும் நான். என் தப்பு வீட்டுச் செவுத்துல தொங்குது. நான் தேயிலைச் சாயத்தண்ணி குடிச்சுக்கிட்டு இருக்கேன். தப்புச் சத்தம் மட்டும் தனியா மலையெல்லாம் சுத்துது. ஒருவேள நாந்தான் செத்துட்டேனோன்னு கையக் கிள்ளிப் பாத்துக்கிட்டேன்.

– டோரீன்! ஏய் டோரீன்! அந்த லவுட்ஸ்பீக்கர் வயரக் கழட்டச் சொன்னேனே, கழட்டினியா?

– எந்த வயரு? அந்தோனியார் திருநாளுக்கு நம்ம வீட்டுலருந்து இழுத்துக் கோயில் கூரையில கட்டினீங்களே, அதுவா? நான் பொம்பள, கூரையில ஏறிக் கழட்டவா? திருநாள் முடிஞ்சதுலருந்து நாளைக்குக் கழட்டுறேன், நாளைக்குக் கழட்டுறேன்னு சொல்லிக்கிட்டிருக்கிறது நீங்க. மாதாவே, அப்ப காலையில அந்த டக்குடக்குச் சத்தம் வீட்டுக்குள்ள மட்டும் கேக்கலையா?

– இல்லம்மா. வீட்டுக்குள்ள கேட்டது மிச்சம். மூட்டத்துல அது அடுத்த மலை வரைக்கும் போயித் திரும்பி வந்துச்சு. மாஸ்டர், என் மொகத்தப் பாத்து நெசத்தச் சொல்லுங்க. என்ன செஞ்சீங்க?

– ஒரு தப்பு, சோலை.

– அதான் கேட்டுச்சே.

– அந்தத் தப்பு இல்லய்யா! புரோகிராம்ல ஒரு தப்பு. கம்பியூட்டருக்கு எழுதிக் குடுத்ததுல எங்கயோ பிசகிப் போச்சு. விடியலருந்து அந்தத் தப்பத் தேடிக்கிட்டு இருக்கேன். சிம்பிளான விசயம், ஆனா கண்ணுல மாட்ட மாட்டேங்குது.

– ஓ. லண்டன் பெட்டி.

– அண்ணே, அத வீட்டுக்குள்ள பேரு சொல்லிக் கூப்புடாதீங்க. எனக்குச் சக்களத்தி மாதிரி இருக்கு. எங்கண்ணன் பத்திநாதன் லண்டன்லருந்து தங்கச்சி மாப்பிள்ளைக்குன்னு ஆசையா அனுப்பினாரு. தங்கச்சிக்கு ஒரு ஸ்வெட்டர் அனுப்பியிருக்கலாம். இந்த மனுசன் பள்ளிக்கூடம் விட்டு வந்தா டீவி முன்னால ஒக்காந்து ரப்பர் பட்டனத் தட்டுறாரு. ரூபவாஹினியில படம் போட்டா பாக்கவும் விடுறதில்ல. டீவியில ஓடுறதெல்லாம் நம்பரு.

– டோரீன், சும்மா இரு.

– சும்மாதானே இருக்கேன்? முன்ன சாக்ஸபோன். அது ஊதினா மாடு பால் கறக்காது. இப்ப இது. சாக்ஸுக்கும் ஆள் வேணுமாம், பெட்டிக்கும் ஆள் வேணுமாம், இவரு ஒருத்தரு. ஒரு வாரம் அது கோவிச்சுக்குது, ஒரு வாரம் இது கோவிச்சுக்குது. நான் கோவிச்சுக்க மொற வரவே மாட்டேங்குது.

– டோரீனம்மா சொல்றது நெசந்தான். சனிக்கெழம துரைமாரு கிளப்புல எங்களோட வாசிக்க மாஸ்டர் வர்றதே குறைஞ்சு போச்சு. அட்டன்ல இரும்புக்கட வச்சிருக்க நம்ம மஃறூப் நானா அந்தப் பெரிய பேஸ் வயலினக் கட்டிப்புடிச்சுக்கிட்டு நிக்கிறாரு. ஓக்லி எஞ்சினியர் பியானோவத் தொறந்து வச்சுட்டு வாசலப் பாக்குறாரு. வந்தாலும் மாஸ்டரோட வெரல் சாக்ஸுல, நெனப்பு பெட்டியில. போன தடவ ஒரே பாட்டு, அதோட வாலு வந்தவொடனே மறுபடி தலைக்குப் போறாரு, மறுபடி தலைக்குப் போறாரு. மஃறூப் நானா கேட்டாரு, ‘மாஸ்டருக்கு வீட்டுக்குப் போற வழி மறந்திருச்சா’ன்னு.

– அது லூப்புய்யா. அப்ப லூப்புதான் எழுதிக்கிட்டு இருந்தேன். கையில தொத்திக்கிச்சு.

– சரி. காலையில கேட்டது என்ன எழுத்து?

– அது ஒண்ணுமில்ல. சும்மா ஒரு சோதனை.

– டிரம் அடிக்கிற புரோகிராம் அண்ணே.

– டோரீன்!

– சொன்னா என்ன? ஊரு வாசலுக்கு வந்திருச்சு, இனி என்ன மறைக்க? கிளப்புல வாசிக்கிறதுக்கு டிரம் அடிக்கிற புரோகிராம். இன்னிக்கிப் பின்னேரம் பெட்டியக் கொண்டுபோயிக் காட்டப் போறேன்னு, சுத்திக்கிட்டுப் போக சாக்கும் எடுத்து வச்சிருக்காரு.

– கிளப்புல டிரம் அடிக்கிறது நானு.

– சோலை, கேளு...

– நான் தெரியாமத்தான் கேக்குறேன். கிளப்புல டிரம் அடிக்கிறது நாந்தானே? இல்ல, அதுவும் வேற யாராச்சுமா?

– நீதான்யா. உன்ன விட்டா யாரு?

– அந்தப் பெட்டி.

– கேளுய்யா, லாஜிக்கா பேசுவோம். நீ போயிட்டா...

– எங்க போயிட்டா?

– உனக்குத் தெரியும்.

– எனக்குத் தெரியாது. எங்க போயிட்டா?

– என்னங்க, வேலியோரமா ஒப்பாரி ஆரம்பிச்சாச்சு. சண்முகவடிவு அக்காதான் எடுத்துக் குடுக்குது. யாருக்குன்னு தெரியாததுனால பேரு வர்ற எடத்துல பொதுவா ‘எங்கய்யா’ன்னு வச்சுப் பாடுறாங்க. ஆம்பளையா பொம்பளையான்னாச்சும் சொல்லுங்க, பாவம், அவங்களுக்குப் பாட்டுல அடி இடிக்குது.

– சோலை, இத அப்புறம் பேசுவோம். மொதல்ல இதுக்கு ஒரு வழி சொல்லு. துரை என்ன சொல்லுவாரு?

– துரைகிட்ட ஆளு போயிருச்சு. வேல நின்னா கணக்குல காரணம் எழுதணும். காரணம்னா பேரு. பேரு இல்லன்னா பொய்த்தப்பு அடிச்சவன்னு என்னத்தான் தேயிலை ஸ்டோருக்குக் கூப்புடுவாரு. எங்கப்பா கையிலருந்து வந்த தப்ப வாங்கி சாக்குக்குள்ள போட்டுருவாரு. அது போனாலும் போகட்டும். ஊருல ஒரு சொல்லு நிக்கும் மாஸ்டர், ‘சாவு இல்லாம சாவு அடிச்சான் சோலைமலை’ன்னு. எங்க போனாலும் அந்தச் சொல்லு கூடவே வரும்.

– யாராச்சும் செத்திருக்கலாமே. ஆண்டியப்பன் தாத்தா மழைக்காலத்துலருந்து படுத்த படுக்கைதானே?

– அவருதான் மொத ஆளா எந்திரிச்சு வந்தவரு. கம்பளியப் போத்திக்கிட்டு வந்து, ‘யாருப்பா போனது, பாவம், சின்ன வயசா’ங்கிறாரு. சாவுச் சத்தம் அவருக்குக் கஷாயம் மாதிரி வேல செய்யுது.

– நல்லதண்ணி ஊருப் பக்கம் யாராச்சும் சொந்தக்காரங்க செத்ததாச் சொல்லிட்டா?

– அங்க செத்தா இங்க எதுக்கு வேலைய நிறுத்தணும்னு துரை கேப்பாரு.

– டிக்கோயா ஆஸ்பத்திரியில?

– டெலிபோன எடுத்து விசாரிச்சிருவாரு. வாத்தியாரு நீங்க, பொய்யில இவ்வளவு மோசமா இருக்கீங்களே.

– என்னங்க, நம்ம பூனை...

– டோரீன், பூனைக்கு யாரு குழி வெட்டுவா?

– வெட்டியாச்சுங்களே. அந்தக் குழிக்கு ஒரு ஆளுதானே வேணும்?

– மாஸ்டர், அந்தப் பெட்டிய இன்னொருக்கா அடிக்கச் சொல்லுங்க. வயரு கழட்டிட்டீங்கல்ல?

– நீ பேசிக்கிட்டு இருக்கும்போதே பெட்டிப் பக்கத்து முனையக் கழட்டிட்டேன். எதுக்கு?

– அடிக்கச் சொல்லுங்க.

– இந்தா.

– ஜண்டக்கு ஜக்கு... ஜண்டக்கு ஜக்கு... ம். அசல் சாவு அடி. நடுவுல மூச்சு விடுற எடம்கூட அதே எடம். நான் அடிச்சாலும் இதுக்கு மேல முடியாது. இத யாருகிட்டக் கேட்டு எழுதினீங்க?

– யாருகிட்டயும் கேக்கல. கிளப்புல நீ அடிக்கிற ஜாஸ் அடியத்தான் மனசுல வாங்கி எழுதினேன். எட்டு தட்டு. ஒண்ணுலருந்து எட்டு வரைக்கும் போன்னு... இரு. இரு இரு. ஏழு. ஏழுன்னு எழுதியிருக்கேன்! பாரு, இந்த வரியில. கடைசித் தட்டு விழவே இல்ல. இதுதான்யா அந்தத் தப்பு! சிம்பிள்! காலையிலருந்து தேடுறேன்!

– கடைசித் தட்டுன்னா, எடதுகைச் சின்னக் குச்சியில விழுமே, அதா?

– அதேதான்.

– அந்தச் சின்னக் குச்சியேதானா!

– ஏன்யா சிரிக்கிற?

– சிரிக்கல மாஸ்டர். ஞாபகம் இருக்கா, மொத நாளு என்னக் கிளப்புக்குக் கூப்புட்டீங்க. ‘பின்னேரம் ஜேம் இருக்கு, வா’ன்னீங்க. நான் தொட்டுத் திங்கிற ஜேம்னு நெனைச்சு, ஒரு றாத்தல் பாண் ரொட்டி வாங்கிக் கக்கத்துல வச்சுக்கிட்டு வந்தேன்.

– ஓக்லி எஞ்சினியர் அத வெட்டி எல்லாருக்கும் குடுத்தாரே. மறக்குமா?

– பாணத் தின்னுட்டு என்னக் கொண்டுபோயி அந்த டிரம் செட்டு முன்னால ஒக்கார வச்சீங்க. துரைமாரும் தொரைசாணிமாரும் கிளாஸக் கையில வச்சுக்கிட்டுப் பாக்குறாங்க. நீங்க ஊத ஆரம்பிச்சீங்க. எனக்கு என்ன அடிக்கிறதுன்னு தெரியல. யோசிக்காமக் கை தானா போற அடி எனக்கு ஒண்ணுதான் இருக்கு. எங்கப்பாவ எடுத்தப்ப நானே அடிச்ச அடி.

– சோலை...

– அதத்தான் அடிச்சேன். கைதட்டிட்டாங்க. ஆனா மனசு கேக்கல, உசுரோட ஆடிக்கிட்டு இருக்கவங்களுக்கு இத அடிக்கலாமான்னு. பாவம் சேரக்கூடாதேன்னு கடைசியில சின்னக் குச்சியால ஒரு தட்டு சேத்துக்கிட்டேன். ஜண்டக்கு ஜக்கு–டி. அந்த ‘டி’ வந்துட்டா அது சாவு இல்ல.

– அப்ப இத்தன வருஷமா கிளப்புல நீ வாசிச்சது...

– அதுதான்.

– பெரிய துரை கல்யாண நாளுக்கு?

– அதேதான். கொஞ்சம் வேகமா.

– கிறிஸ்மஸ் நத்தார் டான்ஸுக்கு?

– அதேதான். குச்சிக்குப் பதிலா பிரஷ்ல.

– மாதாவே! அன்னிக்கி நானும் இவரு கூட ஆடினேனே!

– நல்லா ஆடினீங்க டோரீனம்மா. அதுக்கு ஆடத் தெரிஞ்ச ஆளு நம்ம பக்கந்தான்.

– கொழும்புலருந்து வந்த ஒரு மனுசன் உன்னத் தனியாக் கூப்புட்டு, இந்த மாதிரி ஒரு ஸ்விங் எந்த ஊருக் கிளப்புலயும் கேட்டதில்ல, எங்க கத்துக்கிட்டன்னு கேட்டாரே?

– நாங்க குடியிருக்கிற லைன் வீட்டுப் பேரச் சொன்னேன், ‘மேட்டு லயத்துல’ன்னு. அவரு பெரிய காலேஜ் பேருன்னு நெனைச்சு எழுதிக்கிட்டாரு.

– சோலை, அந்த ‘டி’ய நான் விட்டுட்டேன்.

– விட்டுட்டீங்க. அதான் சொல்றேன். பெட்டிக்கு எல்லாம் தெரியும், பாவம் சேரும்னு மட்டும் தெரியாது. இப்ப அந்தப் பேச்சுக்கு வாங்க. நான் எங்க போயிட்டா?

– சோலை, வேணாம்.

– வேணும். நான் இருக்கும்போதே என் எடத்துக்கு ஆள் செஞ்சிருக்கீங்க. சாக்குல சுத்திக்கிட்டுப் போயி இன்னிக்கே காட்டவும் போறீங்க. நான் ஒண்ணும் தெரியாம, சட்டையத் தேச்சுப் போட்டுக்கிட்டுக் கிளப்புக்கு வந்திருப்பேன். வந்தா என் ஸ்டூல்ல டீவி ஒக்காந்திருக்கும். எங்க போயிட்டா மாஸ்டர்?

– இந்தியாவுக்கு. போதுமா? உன்னக் கண்டியில பாத்திருக்காரு மஃறூப் நானா. இந்திய ஹைகமிசன் வாசல்ல, கியூவுல, பைலக் கையில வச்சுக்கிட்டு. ரெண்டு நாட்டு ஒப்பந்தத்துல இந்தியாவுக்கே அனுப்பப்படுறவங்க நிக்கிற கியூ. எங்கிட்ட ஒரு வார்த்த சொன்னியா?

– அது என் மச்சானுக்காக நின்ன கியூ.

– உன் மச்சான் போன வருஷமே தலைமன்னார்ல கப்பலேறிட்டாரு.

– அது இன்னொரு மச்சானு.

– உனக்கு ஒரே மச்சாந்தான் சோலை.

– என்னங்க, அண்ணன அப்பிடி நெருக்காதீங்க. மொகம் செத்துப் போச்சு பாருங்க.

– நெருக்காம? நான் எத்தன நாளு காத்திருந்தேன் தெரியுமா டோரீன், இவனாச் சொல்லுவான்னு? ஒவ்வொரு சனிக்கெழமையும் போவேன், இன்னிக்கிச் சொல்லுவான்னு. சொல்ல மாட்டான். சிரிச்சுக்கிட்டே டிரம் அடிப்பான். அதப் பாத்துக்கிட்டு எனக்கு ஊத முடியல. அதான் கிளப்புக்குப் போறதையே குறைச்சேன். வீட்டுல ஒக்காந்து அவன் அடிய எழுதினேன். போயிட்டா என்ன செய்ய? அவன் அடி இங்க இருக்கட்டுமேன்னு எழுதினேன். ஆளு செய்யலய்யா நானு. உன் எடத்துக்கு ஆளு எவன் செய்ய முடியும்?

– மாஸ்டர்...

– போறியா, இல்லையா? அத மட்டும் சொல்லு.

– எனக்கு அங்க யாரு இருக்கா? மண்டபம் கேம்புல கொண்டுபோயிப் போட்டு, ஊரு பேரு தெரியாத காட்டுல வீடுன்னு ஒண்ணக் காட்டுவாங்களாம். அங்க குளிரே கெடையாதாம். நான் என்னத்தப் போத்திப் படுக்கிறது? போன வருஷம் ஆடி மாசக் கலவரத்துல, லயத்த விட்டுட்டுத் தேயிலைக்குள்ள பிள்ளைங்க வாயப் பொத்திக்கிட்டுப் படுத்துக் கெடந்தோமே, அப்பவும் நான் போறேன்னு சொல்லலையே.

– அப்ப போகல?

– பனி இன்னும் வெலகலையே மாஸ்டர்.

– பேச்ச மாத்தாமச் சொல்லுய்யா.

– போகல. போகல மாஸ்டர். எங்க போறது?

– சத்தியமா?

– அதான் சொல்றேன்ல.

– அப்ப இது எதுக்கு? இந்தா. புடுங்கிட்டேன்.

– ஐயையோ, என்னங்க! பிளக்க ஏன் புடுங்கினீங்க! எழுதினதெல்லாம் போச்சே!

– போகட்டும். ஆளு இருக்கும்போது அடி எதுக்கு?

– டேப் கேசட்டுலயாச்சும் ஏத்தி வச்சிருக்கீங்கல்ல? ஏங்க, அது எதுக்கு இப்ப வெளிய எடுக்குறீங்க? அத அடுப்புல... வேணாங்க... போட்டுட்டீங்களா? மாதாவே, என்னா நாத்தம்! எத்தன நாளு தூங்காம எழுதினீங்க, நான் எத்தன பிளேன் டீ போட்டேன்!

– இனி ராத்திரியில போட வேணாம். சோலை, இப்ப சந்தோசமா? இன்னிக்கிப் பின்னேரம் நான் சாக்ஸத் தூக்கிக்கிட்டு வர்றேன். ஒழுங்கா ஊதுறேன். லூப்பு இல்ல, ஒண்ணுமில்ல. நீ அந்த ‘டி’ய மட்டும் விட்டுறாத... ஏன்யா அடுப்பையே பாத்துக்கிட்டு நிக்கிற?

– எல்லாம் எரிஞ்சிருச்சா மாஸ்டர்?

– எரிஞ்சிருச்சு.

– மறுபடி எழுத முடியாதா?

– உன் அடிய நேராக் கேட்டாத்தான் எழுதலாம். நீதான் இருக்கியே, அப்புறம் எதுக்கு எழுதணும்?

– சும்மா கேட்டேன்.

– சும்மா கேக்குற மொகமா இது? சோலை? என்னய்யா?

– என்னங்க, வாசல்ல பழனியாண்டி கங்காணி வந்து நிக்கிறாரு. கீழ துரை ஜீப்புல ஒக்காந்திருக்காராம். இப்பவே ரெண்டு கேள்விக்குப் பதில் வேணுமாம். செத்தது யாரு, எப்ப எடுக்குறாங்கன்னு.

– நான் போயிச் சொல்றேன் டோரீன். நடந்ததச் சொல்லிட வேண்டியதுதான். தப்பு என்னுது, கம்பியூட்டர்தான் அடிச்சுதுன்னு...

– நீங்க இருங்க மாஸ்டர். உங்களுக்குப் பொய்யும் வராது, நெசத்த அவங்க நம்பவும் மாட்டாங்க. கங்காணி அண்ணே! தப்பு அடிச்சது நாந்தான். பொய்த்தப்பு இல்லன்னு துரைகிட்டச் சொல்லுங்க. போறது மேட்டு லயம் சோலைமலை, பொஞ்சாதி, ரெண்டு புள்ளைங்க. வர்ற செவ்வாக்கெழம காலையில எடுக்குறாங்க, அட்டன் ஸ்டேசன்லருந்து, தலைமன்னார்க் கப்பலுக்கு.